ஆறாவது நகல்

குவைத், 1962

ரெமிங்டனில் ஆறு தாள், இடையிடையே ஐந்து கார்பன்.
முதல் நகல் உஸ்தாத் ஷவ்கிக்கு.
அடுத்த நாலும்
குழுவில் இங்கிலீஷ் வாசிக்கிறவர்களுக்கு.
ஆறாவது எனக்கு: பிழை பார்க்க, பிறகு கிழிக்க.
அதில் எழுத்து
எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு மாதிரி இருக்கும்.
பழகிய கண்ணுக்குப் போதும்.

முதலில் நாட்டுக்குப் பேர், கொடி, மொழி.
அப்புறம் குடும்பம், சொத்து, மண்ணுக்குள் இருக்கும் எண்ணெய்.
அப்புறம் உரிமை.
அதிகாரம் கடைசிக்கு முன்னால்,
பாதிக் கட்டு அதுவே.
யார் யாரைக் கலைக்கலாம்,
கலைத்தால் எத்தனை நாளுக்குள் மறுபடி கூட்ட வேண்டும்.

ஜூலையில், தூசிக்காற்று மூன்றாம் நாள்,
பதினொன்றாவதைத் தூக்கிவிட்டார்கள்.
பன்னிரண்டு பதினொன்றானது.
‘எழுபதில் சொன்னபடி’ என்று எங்கோ பின்னால் இருந்தது
‘அறுபத்தொன்பதில் சொன்னபடி’ ஆக வேண்டும்.
இரண்டு ராத்திரி அடித்தேன்.
தேசம் என்றால் என்ன என்று கேட்டிருந்தால்
ஒரு எண்ணைப் பிடுங்கினால்
மிச்சமெல்லாம் நகர்ந்து உட்காருவது
என்று சொல்லியிருப்பேன்.
என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டு எழுத்துக்காக ஒரு பகல் முழுக்கச் சண்டை.
அலிஃப், லாம்.
சட்டத்துக்கு மார்க்கம் ஓர் ஊற்றா,
ஊற்றென்றால் அது மட்டும்தானா.
முத்து வியாபாரி அபு ஃபலாஹ் மேசையைத் தட்டினார்.
எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், துடைத்தார்.
தில்முராத் மூன்று தடவை சாயா கொண்டுவந்தான்;
மூன்று தடவையும் ஆறியது.
தமிழில் இந்த வழக்கே எழும்பாது.
ஊற்று என்போம்.
ஒன்றா, ஒரே ஒன்றா என்பதை
குடிக்க வருகிறவன் தாகத்துக்கு விட்டுவிடுவோம்.
சாயங்காலம் ஷவ்கி
சிகரெட்டை நசுக்கிவிட்டு
“மாசிலா, ஒரே எழுத்து போடு” என்றார்.
மூன்று எழுத்து அடித்திருந்த இடத்தில்
ஒன்றை அடித்தேன்.

உரிமைகள் பகுதியில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது.
எழுவாயைப் பார்ப்பது.
மனிதர் எவரையும் வதைக்கலாகாது:
இதில் நான் இருக்கிறேன்.
குடிமகன் எவரையும் நாடு கடத்தலாகாது:
இதில் இல்லை.
வீட்டுக்குள் அத்துமீறி நுழையலாகாது.
இங்கே கொஞ்சம் நின்றேன்.
மிர்காபில் எங்கள் அறைக்கு ஏழு கட்டில்,
சாவி கம்பெனி மேனேஜர் இடுப்பில்.

குறை சொல்லவில்லை.
பன்னிரண்டு வருஷம் முன்னால்
பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில்
குடியரசு என்று ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள்.
அன்றைக்கு எழுவாயை யார் பார்த்தது.
முந்திரி இருக்கிறதா என்று பார்த்தேன்.

கடைசிப் பக்கம் போன அன்று
பின்கட்டுப் பீப்பாயில்
ஆறாவது நகல்களைத் தில்முராத் எரித்தான்.
அவனுக்கு வாசிக்கத் தெரியாது,
ஆனாலும் ஒவ்வொரு தாளாகத்தான் போட்டான்.
கார்பனைப் பற்றி உத்தரவு ஏதும் இல்லை.
நாலைந்தைச் சட்டைப்பையில் மடித்து வந்தேன்.

சூசைமரியான் கேட்டான்: “கார்பன் இருக்காடே?”
தங்கச்சி கல்யாணம்.
இரண்டு மாத விடுப்பு,
முடிந்ததும் திரும்பி வர அனுமதி,
மனு இரண்டு பிரதி.
கொடுத்தேன்.

கட்டிலில் பலகை போட்டுக் குனிந்து எழுதினான்.
அடித்தாளில் நீலம் இறங்கியது,
இறங்காத இடங்களும் இருந்தன.
பொடிப்பொடியாக,
வரிசையாக,
ஏற்கெனவே வேறு எழுத்து மையை எடுத்துப்போன இடங்கள்.
‘திரும்பி’ விழுந்தது.
‘வர’ விழவில்லை.

“பழசுடே இது” என்றான்.
ஆமாம் என்றேன்,
கொஞ்சம் அழுத்தி எழுது.